படித்துக் காட்டக் கேட்டேன்

போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடிமேல் காகிதத்தைக் கவிழ்த்து, மூடியை மூடி, பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறேன். கைக்கு வருகிற காகிதத்தைப் படிக்காமல் காப்பி எடுப்பதுதான் இந்தத் தொழிலுக்கு மரியாதை என்பார்கள். எனக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கவிழ்ப்பேன். ரைட்டரம்மாவைப் பற்றி எழுத எனக்கு இருக்கிற தகுதி அது ஒன்றுதான். அவர் எழுதியதை என்னைவிட அதிகம் படித்தவர் அவர் வீட்டுக்காரர்கூடக் கிடையாது.

ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். புகார் கொடுக்க வருகிறவரும் சாட்சி சொல்ல வருகிறவரும் வாயால் சொல்வதைக் கேட்டு, காகிதத்தில் வாக்குமூலமாக எழுதுகிற ஏட்டுதான் ஸ்டேஷன் ரைட்டர். கதை எழுதுகிற ரைட்டர்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வாக்குமூலத்துக்கு ஒரு அச்சு உண்டு. ஆரம்பம், 'நான் மேற்கண்ட விலாசத்தில் குடும்பத்துடன் குடியிருந்து வருகிறேன்.' கல்யாணமே ஆகாமல் தனியாக இருக்கிற ஆளும் குடும்பத்துடன்தான் குடியிருப்பார். முடிவு, 'படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருந்தது.' இந்த வரிக்குக் கீழேதான் கையெழுத்து. நான் காப்பி எடுத்த ஆயிரக்கணக்கான வாக்குமூலங்களில் இந்த வரி இல்லாதது ஒன்றுகூட இல்லை. படித்துக் காட்டியதாக நான் கேள்விப்பட்டதும் ஒன்றுகூட இல்லை.

ஸ்டேஷனுக்குப் பின்னால் ரயில் பாதையை ஒட்டி எட்டு வரிசை வீடுகள் இருக்கின்றன. எல்லோரும் அதைப் பின்வரிசை என்பார்கள். ஆண்கள் பக்கத்துக் கிடங்கில் மூட்டை இறக்குகிறவர்கள். பெண்களில் பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை. நான் பிறந்தது அங்கே, இன்றைக்கும் குடியிருப்பது அங்கே ஆறாவது வரிசையில். எங்கள் ஜனங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. எங்கே எந்தத் தகராறு நடந்தாலும், போலீஸ் வந்து விசாரித்தால், அந்த நேரத்தில் அத்தனை பேரும் குளித்துக்கொண்டிருந்திருப்பார்கள். போலீஸ் கணக்குப்படி இந்த உலகத்திலேயே சுத்தமான ஜனங்கள் நாங்கள்தான்.

இந்தக் குளியல் எங்கள் பரம்பரை வழக்கம் இல்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் தொடங்கியது.

அப்போது கிடங்கு வாசலில் இரண்டு கோஷ்டிகளுக்குள் அடிதடி. ஒருவன் மண்டை உடைந்து விழுந்தான். எல்லோரும் ஓடிவிட்டார்கள். ஓடாமல் அவனைத் தூக்கியவன் நெட்டை. எங்கள் மூட்டைக்காரர்களுக்கெல்லாம் தலைவரான மேஸ்திரியின் அக்கா மகன். போலீஸ் கூப்பிட்டதும் மேஸ்திரி தானாகவே போய் நடந்ததைச் சொன்னார். "அடிச்சவனுங்க ஓடிட்டாங்க சார். எங்க அக்கா பையன் அங்கதான் நின்னான். அவன்தான் அடிபட்டவனைத் தூக்கினான்." காகிதத்தில் வந்தது இது: 'எனது அக்கா மகன் சம்பவ இடத்தில் மற்ற எதிரிகளுடன் கூடியிருந்ததை நேரில் கண்டேன்.' தூக்கினது வரவே இல்லை. அடியில் வழக்கமான வரி, அதற்கும் அடியில் மேஸ்திரியின் கையெழுத்து. மாமன் கையெழுத்தால் மருமகன் மூன்று வருஷம் ஜெயிலில் இருந்தான். மேஸ்திரியின் அக்கா அன்றிலிருந்து தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அந்த வாக்குமூலத்தை எழுதியவர் ரைட்டரம்மா. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது, அந்த நாற்காலிக்குப் புதுசு. மூன்று காப்பி எடுத்தவன் நான். படித்தேன். தூக்கினது எங்கே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி, வாயைத் திறக்கவில்லை. இதை இங்கே எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

பிறகு அவருக்கு மாற்றல் வந்து போய்விட்டார். போன வருஷம் அதே ஸ்டேஷனுக்கு, அதே நாற்காலிக்குத் திரும்பி வந்தார். கண்ணாடியில் ஒரு கயிறு, நடுவிரலில் பேனா அழுத்திய காய்ப்பு, வலது மணிக்கட்டில் ஒரு பட்டை. பின்வரிசை முழுக்க நெருப்பில் கை வைத்த மாதிரி ஆகிவிட்டது. "திரும்பி வந்துட்டாளா மகராசி!" என்று மேஸ்திரி காறித் துப்பினாராம்.

ஆனால் வந்தவர் ஒரு விநோதமான காரியம் செய்தார். எழுதி முடித்ததை உண்மையாகவே படித்துக் காட்ட ஆரம்பித்தார்.

முதலில் மாட்டியது லாண்டரி அக்கா. இரண்டாவது வரிசை. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவர், வாய் கொஞ்சம் நீளம். அடையாள அட்டை தொலைந்தது என்று எழுதி வாங்கப் போனார். ரைட்டரம்மா எழுதி முடித்துவிட்டு, "இருங்க, படிக்கிறேன்" என்று நிதானமாகப் படித்தார். நடுவில் லாண்டரி அக்கா, "ஐய, பஸ்ல போறப்ப தவறிப் போச்சுன்னு நான் எப்ப சொன்னேன்? அட்டையை முடிஞ்சு வச்ச பாவாடையோட ஊறப் போட்டு நானேதான் துவைச்சுட்டேன்" என்றார். எல்லோருடைய அட்டையும் பஸ்ஸில்தான் தொலையும், அது அச்சு. ரைட்டரம்மா அந்த வரியை அடித்து, மேலே திருத்தி, அடித்த இடத்தில் லாண்டரி அக்காவையே சின்னதாக ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார்.

அக்கா எட்டு வரிசைக்கும் போய்ச் சொல்லிவிட்டார். "போலீஸ்காரம்மா என்னையக் கேட்டு அடிச்சாங்க!" பாதிப் பேர் பதறிப்போய், "எங்க அடிச்சாங்க?" என்றார்கள். "காகிதத்துலடி!"

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் காகிதம் இருந்தால் போதும், காகிதத்துக்குள் என்ன இருக்கிறது என்று கவலைப்படாத ரகம். "என்னம்மா, ஸ்டேஷன் நடத்துறீங்களா, பள்ளிக்கூடம் நடத்துறீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார். ரைட்டரம்மா அடுத்த ஆளுக்குப் படித்துக்கொண்டிருப்பார். கான்ஸ்டபிள்கள் கொட்டாவி விடுவார்கள். எனக்கு ஒரு லாபம், அடித்தல் திருத்தலோடு வரும் காகிதங்கள் படிக்கச் சுவாரஸ்யமாக இருந்தன. முதல் தடவையாக ஆளுக்கு ஆள் வேறு மாதிரி பேசினார்கள்.

அதற்காகப் பின்வரிசை குளியலை நிறுத்தவில்லை. தொலைந்த அட்டைக்கு ஸ்டேஷன் படியேறுவது வேறு, சாட்சி சொல்வது வேறு.

அந்த நேரத்தில்தான் முக்குத் திருப்பத்தில் அந்த விபத்து. காலை ஏழே முக்கால். வீடு வீடாகப் பால் ஊற்றுகிற அம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலிருந்து வந்த கார் தூக்கி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கிடங்கு முதலாளியின் மகன் கார். குழாயடியில் பதினைந்து பேர் நின்றார்கள், எல்லோரும் பார்த்தார்கள். பின்னால் ஆஸ்பத்திரித் துணிமூட்டையோடு வேன் வந்தது. ஓட்டியவர் லாண்டரி அக்காவின் கணவர். எங்களுக்கெல்லாம் வேன்காரத் தம்பி. வண்டியை நிறுத்தினார், பால்காரம்மாவைத் துணிமூட்டைமேல் கிடத்தினார், அதே வேகத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிர் பிழைத்தது அவரால்தான் என்று டாக்டரே சொன்னார். பால்காரம்மாவுக்கு மட்டும் எது இடித்தது என்று தெரியவில்லை, பின்னாலிருந்து அல்லவா வந்தது.

மத்தியானத்துக்குள் கிடங்கு மேனேஜர் இரண்டு ஆட்களோடு ஸ்டேஷனுக்குப் போய், இடித்தது வேன்தான், நேரில் பார்த்தோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வேனுக்குள் ரத்தம் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? சாயந்திரம் வேன்காரத் தம்பியைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். இடித்தது, தப்பிக்கப் பார்த்தது எல்லாம் சேர்த்து, குறைந்தது ஐந்து வருஷம் என்றார் வக்கீல்.

நடந்ததைப் பார்த்த பதினைந்து பேரும் அந்த நேரத்தில் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

லாண்டரி அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "தூக்கினவனத்தான உள்ள போடுவாங்க. நெட்டையைப் போட்டாங்க, இப்ப உம் புருசனைப் போட்டாங்க. நாங்க போய்ப் பேசினா எங்களையும் போடுவாங்க" என்றார் ஒருவர். அன்றைக்கு என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்த அக்கா அழவில்லை. "அண்ணே, நிக்காம போயிருந்தா இப்ப அவரு வீட்டுல இருப்பாரு" என்று மட்டும் சொன்னார்.

ரைட்டரம்மா இன்ஸ்பெக்டரிடம் போய், "சார், குழாயடியில ஆளுங்க இருந்திருக்காங்க. இந்த மூணு வாக்குமூலமும் ஒரே மாதிரி இருக்கு, எழுத்துப் பிழைகூட ஒரே இடத்துல வருது" என்றாராம். இன்ஸ்பெக்டர், "பின்வரிசையிலேர்ந்து சாட்சியா? ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க பாப்போம். பத்து நாள் டைம். அப்புறம் நான் ரிப்போர்ட் போட்டுருவேன்" என்றார். வர மாட்டார்கள் என்ற தைரியம்.

அடுத்த நாள் மத்தியானம் ரைட்டரம்மா யூனிபார்மோடு தனியாக நடந்து பின்வரிசைக்குள் வந்தார். எட்டு வரிசையிலும் கதவுகள் பட்பட்டென்று சாத்தின. சாத்தாத ஒரே வீடு மேஸ்திரி வீடு. அவர் வாசலில் குந்தி உட்கார்ந்து மூட்டை தூக்கும் கொக்கியை அரம் வைத்துத் தீட்டிக்கொண்டிருந்தார். பதினைந்து பேரில் காரை முழுசாகப் பார்த்தவர் அவர். அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் திறப்பார்கள். இது ஊருக்கே தெரியும். எதிர்வீட்டுச் சுவரோரம் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரி, என்னை யாருன்னு தெரியுதா?"

"உங்க கையெழுத்து தெரியும்."

ரைட்டரம்மா, "அந்த வேன்காரர் உள்ள இருக்கார். நீங்க பாத்ததைச் சொன்னா வெளிய வருவார்" என்றார்.

"நான் பாத்ததைச் சொல்லி ஒருத்தனை உள்ள அனுப்பினது போதும்மா."

"இந்தத் தடவை நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன். படிச்சுக் காட்டுவேன்."

மேஸ்திரி அரத்தைக் கீழே வைத்தார். "போன தடவையும் படிச்சுக் காட்டினதாத்தான் கீழ எழுதியிருந்துச்சு." அப்புறம் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கு நீங்க எழுதினீங்க, நான் கையெழுத்துப் போட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. நெட்டை விசயத்துல என்ன நடந்துச்சோ அத்தனையும். நாங்க எழுதறோம், நீங்க கையெழுத்துப் போடுங்க. அப்புறம் நான் வாயைத் தொறக்கறேன்."

ஆள் ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வாக்குமூலத்தைத் தப்பாக எழுதினேன் என்று ஒரு ரைட்டர் கையெழுத்துப் போட்டால் அந்த நாற்காலி போகும், வேலையே போகலாம். ரைட்டரம்மா, "நாளைக்குக் காலையில வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வீட்டுக்காரர் பஸ் டெப்போ மெக்கானிக். பின்னாளில் என் கடைக்கு வந்து உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஆள். "வீட்டுச் சாமான் லிஸ்ட்டுலயே 'மேற்படி சோப்பு இரண்டு'ன்னு எழுதுறவங்க" என்று பெண்டாட்டியைக் கேலி செய்வார். அன்றைக்குச் சாயந்திரம் விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வரவில்லையாம். காலேஜ் படிக்கிற மகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாளாம். கடைசியில் அவர், "போட்டுத்தான் ஆகணும்னா போடு. ஆனா படிச்சுப் பாத்துட்டுப் போடு" என்றாராம்.

காலையில் வந்தார். மேஸ்திரி வீட்டில் ஒரே அறை. ஒரு மர ஸ்டூல், சுருட்டி வைத்த பாய், ஆணியில் கொக்கிகள். ரைட்டரம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். யார் எழுதுவது என்ற பேச்சு வந்ததும் மேஸ்திரி என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "நீதான்டா எல்லாத்தையும் படிக்கிறவன். எழுது."

ரைட்டரம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். முடித்ததும், "படி" என்றார் மேஸ்திரி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "நான் மேற்கண்ட விலாசத்தில் குடும்பத்துடன் குடியிருந்து வருகிறேன். மேற்படி சம்பவம் தொடர்பாக..."

"நிறுத்துடா," என்றார் மேஸ்திரி. "அந்தம்மா இப்படியா சொன்னாங்க?"

முகத்தில் அசடு வழிந்தது எனக்கு. இருபத்திரண்டு வருஷம் படித்துப் படித்து அந்த அச்சு என் கைக்குள்ளும் புகுந்திருக்கிறது. நானாக மாற்றவில்லை, பேனா தானாக அப்படித்தான் ஓடியது. ரைட்டரம்மா என்னைப் பார்த்து, "எனக்கும் அப்படித்தாங்க ஆச்சு" என்றார். அந்த அறையில் முதல் தடவையாக மேஸ்திரி முகம் கொஞ்சம் இளகியது. காகிதத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன், இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையாக.

அவர் சொன்னது இதுதான். "மேஸ்திரி அன்னிக்கு ‘தூக்கினான்’னு சொன்னார். எனக்குக் காதுல விழுந்துச்சு. அப்ப இருந்த இன்ஸ்பெக்டர் ஒரு பக்கத்துல முடின்னார். எப்பவும் எழுதுற மாதிரி எழுதிட்டேன். படிச்சுக் காட்டலை. தெரிஞ்சு பொய் எழுதலை, ஆனா கவனமா எழுதலை. ஒரு பையன் ஜெயிலுக்குப் போனான். எனக்கு அது உறைக்கறதுக்கு எட்டு வருஷம் ஆச்சு. என் பொண்ணை சைக்கிளோட பஸ் இடிச்சுது. வேற ஸ்டேஷன்ல என்கிட்ட வாக்குமூலம் வாங்கினாங்க. அதுல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாதா, நானும் ரைட்டர்தானேன்னு படிக்காம கையெழுத்துப் போட்டேன். கோர்ட்ல படிச்சப்பதான் கேட்டேன், என் பொண்ணு தப்பான பக்கம் வந்தான்னு நானே சொன்னதா இருந்துச்சு. அன்னிக்குத்தான் மேஸ்திரி ஞாபகம் வந்தார். அப்பவே வந்து சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு, வரலை."

மூன்று தடவை படித்தேன். ஒரு இடத்தில் 'கவனக்குறைவாக' என்று என் பேனா எழுதியிருந்ததை அவரே அடிக்கச் சொல்லி 'கவனமா எழுதலை' என்று திருத்தினார். கையெழுத்துப் போட்டார். மேஸ்திரி காகிதத்தை வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்தார். "இந்தப் பதினாலு வருசத்துல தப்பு எங்க பக்கம்னு யாரும் எங்கிட்ட ஒத்துக்கிட்டதில்லைம்மா" என்றவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்று காப்பி எடுத்தேன், இந்தத் தடவை சந்தோஷமாக. ஒன்று ஸ்டேஷன் ஃபைலுக்கு, ஒன்று மேலதிகாரிக்குத் தபாலில், ஒன்று மேஸ்திரிக்கு. மேஸ்திரி அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகத் தன் அக்கா வீட்டுக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வரும்போது அக்காவும் கூட வந்தார். நெட்டை பெயரில் அப்பீல் போட அந்தக் காகிதம்தான் பிறகு உதவியது.

"என்னம்மா, உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டீங்களே!" என்று மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் கத்தினார். கத்தி முடிப்பதற்குள் வாசலில் மேஸ்திரி நின்றார். அவர் பின்னால் குழாயடிக்காரர்கள் பத்துப் பேர். பின்வரிசைக்காரர்கள் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்து வரிசையில் நின்றதை நான் கடையிலிருந்து பார்த்தேன். கஸ்டமரைக்கூட மறந்து பார்த்தேன்.

காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து விளக்குப் போடும்வரை எழுதினார், படித்தார், திருத்தினார். ஒருவர் கார் வெள்ளை என்றார், ஒருவர் சந்தன நிறம் என்றார். ஒரு பாட்டியம்மா காரே தெரியாது, சத்தம்தான் கேட்டேன் என்றார். "அப்ப சத்தம் மட்டும் எழுதறேன்" என்றார் ரைட்டரம்மா. மேஸ்திரி தன்னுடையதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு இடத்தில் திருத்தினார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. "கோர்ட்ல போடறேன். அங்க எல்லார் முன்னாடியும் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். மற்ற பத்துப் பேரும் போட்டார்கள். கிடங்கு மேனேஜர் வந்து, நாளை முதல் ஒருவருக்கும் வேலை இல்லை என்று மிரட்டியபோது, "அப்ப நாளைக்கு லாரி எல்லாத்தையும் நீங்களே இறக்குங்க" என்றார் மேஸ்திரி. மேனேஜர் தன் தோளைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

இத்தனை காகிதத்தைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்கே ரோஷம் வந்துவிட்டது. போய் அந்தக் காரைத் தேடினார். ஒரு பட்டறையில் புது முன்விளக்கும் பாதி அடித்த பெயிண்டுமாக நின்றது. வேன்காரத் தம்பியை விடச் சொல்லிக் கோர்ட்டில் அவரே மனுப் போட்டார். முதலாளி தரப்பு பெரிய வக்கீலை வைத்து எதிர்த்தது.

கோர்ட்டில் பின்வரிசை முழுக்க வந்திருந்தது. நெட்டையும் அவன் அம்மாவும் கடைசி பெஞ்சில். லாண்டரி அக்கா முன் பெஞ்சின் கம்பியைப் பிடித்தபடி. ரைட்டரம்மா சுவரோரம் நின்றார். கூண்டில் மேஸ்திரி. அந்த வக்கீல் சாட்சிகளைக் கவிழ்க்கிற வழக்கமான கேள்வியோடு ஆரம்பித்தார்.

"பெரியவரே, இந்த வாக்குமூலத்தை உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா?"

"மூணு தடவை. நாலாந்தடவை படிச்சா நானே ஒப்பிச்சிருப்பேன்."

பெஞ்சுகளில் சிரிப்பு. வக்கீல் அசரவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பார்த்ததும் தெரிந்துகொண்டேன். நான் எழுதிய காகிதம், ரைட்டரம்மாவின் வாக்குமூலம். மேலதிகாரி ஆபீசிலிருந்து எப்படியோ வாங்கியிருக்கிறார்கள்.

"கனம் நீதிபதி அவர்களே, இந்த ரைட்டர் ஏற்கெனவே ஒரு வாக்குமூலத்தைத் தப்பாக எழுதி ஒரு ஆளை ஜெயிலுக்கு அனுப்பியதாக அவரே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்டவர் எழுதிய பதினொரு காகிதத்தை நம்பியா ஒருவனை விடுதலை செய்வது?"

லாண்டரி அக்கா திரும்பி ரைட்டரம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம். உண்மையைச் சொல்லப்போய் அந்த உண்மையே வேன்காரத் தம்பியை உள்ளே தள்ளிவிடும்போலிருந்தது. எழுதியவன் நான், காப்பி எடுத்தவன் நான்.

நீதிபதி மேஸ்திரியைப் பார்த்தார். "இதுபற்றி உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். எங்க வீட்டுலதான் எழுதினோம். தப்பா எழுதினது என் வாக்குமூலத்தைத்தான். உள்ள போனது என் அக்கா மகன், அதோ பின்னாடி உக்காந்திருக்கான்." மேஸ்திரி மூச்சு வாங்கினார். "இவங்க வேலை போயிரும்னு தெரிஞ்சே எங்க வீடு தேடி வந்து, நான் தப்புப் பண்ணினேன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாங்க. தன் பொழப்புக்கு எதிரா நெசத்தை எழுதித் தந்தவங்க எனக்காக எதுக்கு சார் பொய் எழுதணும்? நம்பாட்டி ஒண்ணு பண்ணுங்க. என் காகிதத்தைச் சத்தமா படிக்கச் சொல்லுங்க. ஒரு வார்த்தை என்னுது இல்லைன்னா அங்கயே சொல்றேன்."

நீதிபதி தலையசைத்தார். கோர்ட் குமாஸ்தா எழுந்து, சாப்பாட்டு நேரம் நெருங்குகிற அவசரத்தோடு கடகடவென்று படித்தார். மேஸ்திரி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது பக்கத்தில் கண்ணைத் திறந்தார்.

"ஐயா, நடுவுல ஒரு வரியை விட்டுட்டீங்க. வேன் நின்னப்ப கார் எங்க போச்சுன்னு சொல்லியிருந்தேன்."

குமாஸ்தா காகிதத்தை உற்றுப் பார்த்தார். காதெல்லாம் சிவந்தது. "ஆமாங்க ஐயா... ஒரு வரி விட்டுப்போச்சு."

கோர்ட்டே வெடித்துச் சிரித்தது. நீதிபதிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரிய வக்கீல் மட்டும் எதையோ தேடுகிற மாதிரி பைக்குள் தலையை விட்டுக்கொண்டார். நீதிபதி கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். சாப்பாட்டு மணி அடித்தது, அவர் எழுந்திருக்கவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், அடித்த இடம் திருத்திய இடம் உட்பட, அவரே சத்தமாக, நிதானமாகப் படித்தார்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு சார். பேனா குடுங்க."

பதினாலு வருஷத்துக்கு அப்புறம் மேஸ்திரி ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். பெரிசு பெரிசாக, காகிதத்தின் பாதியை அடைத்துக்கொண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. வேன்காரத் தம்பியை உடனே விட வேண்டும், காரை ஓட்டியவரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். சாட்சிகள் ஆளுக்கு ஒரு நிறம் சொன்னதையே நீதிபதி காரணமாக எழுதியிருந்தார். ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொண்டு வந்தவர்கள் இப்படி முரண்பட மாட்டார்கள் என்று. லாண்டரி அக்கா போட்ட கூச்சலில் கோர்ட் சேவகன் ஓடி வந்துவிட்டான். வாயெல்லாம் பல்லாக எட்டு வரிசையும் வாசலுக்கு இறங்கியது. என்னைக்கூடச் சிலர் தூக்கப் பார்த்தார்கள்.

ரைட்டரம்மாவுக்குப் பிறகு விசாரணை வந்தது, கடுமையான எச்சரிக்கையோடு முடிந்தது. நாற்காலி போகவில்லை. அது பிந்திய கதை. அன்றைக்குச் சாயந்திரம் அவர் கோர்ட் வாசல் கேட் ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பு இல்லாத குறைக்கு யூனிபார்ம் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். விடுதலையாகி வந்த வேன்காரத் தம்பி, பெண்டாட்டி கையை விடுவித்துக்கொண்டு நேராக அவரிடம் போனார். மெலிந்துபோயிருந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். உள்ள இருந்தப்ப தினமும் இதையேதான் யோசிச்சேன். இனிமே ரோட்டுல யாராச்சும் அடிபட்டுக் கிடந்தா, நான் வண்டியை நிறுத்தலாமா?"

ரைட்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நிறுத்துங்க தம்பி," என்றார். "நிறுத்தித் தூக்குங்க. தூக்கினீங்கன்னு நான் எழுதறேன்."